டர்போவில் கீறின சிலுவை

எங்க வீட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும் அதில ஒரு சிலுவை போட்டுட்டுத்தான் உள்ள எடுப்போம். அரிசி வாளி, கோழிக்கூடு, மகளோட சைக்கிள், எல்லாத்திலயும் இருக்கும். என் பழைய டீசல் காருக்கு மேட்டில இழுவை குடுக்கிற டர்போ புதுசா வாங்கினப்பவும், பூட்டுறதுக்கு முன்னால அதோட அலுமினியப் பக்கத்தில் ஆணியால சின்னதா ஒரு சிலுவை கீறினேன். ஏத்தத்தில ஆண்டவர் கைவிட மாட்டாருன்னு ஒரு நம்பிக்கை.

அந்தக் காரிலதான் தோட்டத்து லயத்து நோயாளிகள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவேன். போன மழைக்காலத்தில றொசல்ல பக்கத்து ஏத்தத்தில ரேடியேட்டர் தண்ணி கொதிச்சு, வெள்ளப் புகை தள்ளிக் கார் நின்னுருச்சு. கேஸ்கட் போய், எஞ்சின் ஹெட்டும் வெடிச்சிருந்தது. எஞ்சின முழுசா இறக்க வேண்டியதாப் போச்சு.

கராஜ்காரர் வேற யாருமில்ல, என் மகளோட ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில பிள்ளைய ஏந்தி நின்னவர். அவளுக்குக் கோயில்ல உறுதிபூசுதல் சடங்கு நெருங்கிட்டு இருந்தது. அன்னைக்கும் அவர்தான் அவ தோளில கைவச்சு நிக்கணும். எஞ்சின் வேலைன்னா பக்கத்தில நின்னு பார்த்து, கழட்டின பழைய சாமானக் கேட்டு வாங்குறது எங்க பக்கத்து வழக்கம். நான் நிக்கவுமில்ல, கேக்கவுமில்ல. பிள்ளைய ஏந்தின கைய எப்பிடிச் சந்தேகப்படுறது?

கார் திரும்பி வந்தது. சத்தம் நல்லாத்தான் இருந்தது, மேட்டிலதான் இழுவை இல்ல. பின்னால நீலப் புகை. ஒரு பிள்ளைத்தாச்சிய ஏத்திட்டுப் போறப்ப, பாரம் குறையட்டும்னு அவ புருஷன் மழையில இறங்கி நடந்தான்.

கராஜில சொன்னதும் அவர் சிரிச்சார். "வயசான எஞ்சின் மச்சான். இந்த மேட்டில ஏறினா உனக்கும் எனக்கும் மூச்சு வாங்கலையா?"

நானும் சிரிச்சிட்டு வந்தேன்.

பிறகு ஒருநாள் எண்ணெய்க் கசிவைத் துடைக்கிறப்ப டர்போவைத் தடவினேன். சிலுவை இல்ல. நேரா கராஜுக்குப் போய்க் கேட்டேன்.

"எஞ்சின் சூட்டில சிலுவ நிக்குமா மச்சான்? அழிஞ்சிருக்கும்."

அதையும் நம்பியிருப்பேன். ஆனா அவருக்குப் பின்னால, அவர் வாடகைக்கு ஓட்டுற ஹயர் வேன் பொனட் திறந்து நின்னது. என் காரில இருக்கிற அதே மாதிரி எஞ்சின்தான் அதுக்கும். குனிஞ்சு அதோட டர்போவைப் பார்த்தேன். நான் கீறின சிலுவை, ஒரு பக்கம் கொஞ்சம் கோணலா, அப்பிடியே இருந்தது.

அவர் முகம் செத்துப் போச்சு. "வேன் டர்போ போய் ஹயர் நின்னு போச்சு மச்சான். பிறகு மாத்திடலாம்னுதான்..."

"கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனே."

"கேக்க வெக்கமா இருந்துச்சு."

"எடுக்க வெக்கமா இல்லையா?"

அன்னைக்கே மாத்திப் பூட்டிக் குடுத்தார். கார் இப்ப நல்லா ஏறுது. வீட்டுக்கு வந்தா மகள் ஓடி வந்து, "அப்பா, ஞானப்பா என் உறுதிபூசுதலுக்குப் போடப் புதுச் சேட்டு தைக்கக் குடுத்திருக்காராம்!" என்கிறாள். வேற ஆளை நிறுத்தலாமான்னு மனைவிகிட்டக் கேட்டேன். "அது பிள்ளையோட நாள். உங்க கோவத்தக் கோயிலுக்கு வெளிய வைங்க"ன்னாள்.

வச்சுட்டுத்தான் போனேன்னு நெனச்சேன். ஆயர் மகளோட நெத்தியில தைலம் பூசினார். புதுச் சேட்டோட ஞானத்தகப்பன் அவ தோளில கைவச்சு நின்னார். எல்லாரும் கண்ண மூடிச் செபிச்சாங்க. அந்தக் கை என் பிள்ளை தோளை விட்டு இறங்குற வரைக்கும் என்னால கண்ண மூட முடியல.