ஒரு தடவை இறங்கிப் பார்க்கலாம்

"மூணு நிமிஷம் குடுத்தா, ஒரே நிமிஷத்துல பின்னாடி வந்து கம்பத்துல இடிக்கிறாங்களே. உங்க சித்திக்கு அப்படி என்னப்பா அவசரம்?"

ஓட்டுநர் தேர்வு நடத்தும் அதிகாரி என்னிடம் இப்படிக் கேட்டார். பள்ளியை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான், சித்திக்குத் துணையாகப் போயிருந்தேன். அவள் தோற்றது அது இரண்டாவது முறை.

சித்தி ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். ஓர் அறைக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு உண்டு. தாண்டினால் மேற்பார்வையாளர் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஒரு சலவைக்கூடத்தில் வேன் ஓட்ட ஆள் தேடினார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை. "லைசென்ஸோட வாங்கம்மா. ஆனா இந்த மாசத்துக்கு மேல என்னால காத்திருக்க முடியாது" என்று அதன் முதலாளி சொல்லியிருந்தார்.

மறுநாள், சித்தி மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க விடுதிக்குப் போனேன். அவள் ஓர் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் தொடங்கி, மாப்பை இழுத்தபடி பின்பக்கமாகவே நகர்ந்து வந்தாள். கட்டில் மூலையில் தானாக வளைந்தாள். ஒருமுறைகூடத் திரும்பாமல் வாசலுக்கு வந்து என்மேல் மோதினாள்.

"எருமை மாதிரி நிக்கிறியே, ஒரு குரல் குடுக்கக் கூடாது?"

"நீ திரும்பிப் பாக்கவே மாட்டியா சித்தி?"

"திரும்பினா நேரம் போயிடும்டா. கதவு எங்க இருக்குன்னு என் காலுக்குத் தெரியும்."

அதிகாரியின் கேள்விக்குப் பதில் எனக்கு அப்போதுதான் கிடைத்தது.

"காரையும் இப்படித்தான் இழுக்கிற" என்றேன்.

"கால்தான் போச்சு, இனிமே கழுத்தும் வலிக்கணுமா?" என்று சிரித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மாதக் கடைசியில் மூன்றாவது தேர்வு. அதிகாரி சலித்துப்போன குரலில் விதியைச் சொன்னார்: "மூணு நிமிஷத்துக்குள்ள ரிவர்ஸ்ல வந்து கம்பங்களுக்கு நடுவுல நிறுத்தணும். வேணும்னா ஒரு தடவை இறங்கிப் பாக்கலாம். ஆனா நேரம் ஓடிக்கிட்டேதான் இருக்கும்." அன்று காலையிலிருந்து ஒருவரும் இறங்கியிருக்கவில்லை.

சித்தி வழக்கமான வேகத்தில் பின்னால் வந்தாள். பாதியில் கார் குலுங்கி நின்றது. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, பெட்ரோல் தீந்துடுச்சா?" என்றான் வரிசையில் நின்ற ஒருவன்.

"தூங்கட்டும் விடுப்பா, பாவம்" என்றான் இன்னொருவன்.

கதவு திறந்தது. சித்தி அதைப் பிடித்தபடி இறங்கி, நொண்டிக்கொண்டே பின்னால் போனாள். சக்கரத்துக்கும் கம்பத்துக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. இடுப்பில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை நடுவே அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"சித்தி, நேரம்!"

"தெரியும்டா, கத்தாத."

ஏறி உட்கார்ந்தாள். கொஞ்சம் முன்னால் போனாள். பிறகு கழுத்தைத் திருப்பி, கண்ணைப் பின்னாலேயே வைத்து, மெல்ல மெல்ல உள்ளே வந்தாள். அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்ததும், நேரம் முடிந்ததென்று விசில் ஒலித்தது.

அதிகாரி குனிந்து பார்த்தார். "உள்ளதான் இருக்கு. பாஸ். இன்னிக்கு மட்டும் எப்படிம்மா இறங்கணும்னு தோணுச்சு?"

"கால் இழுத்துக்கிச்சு சார். நின்னது நின்னாச்சு, இறங்கிப் பாத்துட்டே வந்துடலாம்னு."

திரும்பி வரும்போது, பேருந்து கிளம்புவதற்குள் அவள் என் தோளில் தூங்கிவிட்டாள்.

உங்கள் வீட்டில் யாராவது இந்தத் தேர்வுக்குப் போவதாக இருந்தால், என் சித்தியின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். இறங்கிப் பார்க்கலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வரிசையில் நின்று கேலி செய்பவர்களுக்கும் சொல்லுங்கள்.