சௌனாவுக்குப் போன இன்ஜின்

வடகோடி லாப்லாந்தில், எங்கள் ஹௌக்கிவாராவில் எல்யாஸைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பேசுவார்கள். அந்தச் சிரிப்பை எல்யாஸ் மரியாதை என்றே கணக்கில் எழுதிக்கொண்டார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். வீட்டைத் தானே கட்டினார், சௌனா என்கிற ஆவிக் குளியலறையைத் தானே கட்டினார், படகையும் தானே செய்தார். வாசல் கதவு கோடையில் திறக்காது, குளிர்காலத்தில் மூடாது. "மரத்துக்கு உயிர் இருக்கு, அசையத்தான் செய்யும்" என்பார். படகும் அப்படித்தான், கொஞ்சம் அதிகமாகவே உயிரோடு இருந்தது. ஒரு பக்கமாகவே போகும்.

ஆனால் அவருடைய பெருமைகளில் தலையாயது உறைந்த ஏரியின் மேல் அவர் போடும் பாதை. ஈஸ்டர் திங்களன்று ஊரே ஏரித் தீவுக்கு அப்பால் போய்ப் பனிக்கட்டியில் துளை போட்டு மீன்பிடிப் போட்டி நடத்தும். அதற்கு முந்தின நாள் காலையில் ஒருவர் பனி மேல் ஓடும் கனமான மோட்டார் வண்டியை ஓட்டி, மெத்துமெத்தென்று கிடக்கும் பனியை மிதித்துப் பாதை போட வேண்டும். ராத்திரிக் குளிரில் அது இறுகிக் கல்லாகிவிடும். மறுநாள் குழந்தையும் நடக்கலாம், கோலூன்றியவரும் நடக்கலாம். அந்த ஒருவர் எப்போதும் எல்யாஸ்தான். அவருடைய மஞ்சள் வண்டி அகலப் பட்டை கொண்ட பழைய வேலைக்கார வண்டி. அது இருமினால் எந்த இடத்தில் இருமுகிறது என்று தன் காதுக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிக்கொள்வார்.

அந்த வருஷம் கடையில் நாலு பேர் நடுவில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டார். "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் அந்த ஏரியில வேற எவன் வண்டியும் பாதை போடாது!"

நாலு பேரில் ஒருவன் தவுனோ. எல்யாஸின் மனைவி ஹெல்விக்குத் தம்பி. போன இலையுதிர் காலத்தில்தான் கறுப்பாக, பளபளவென்று, குதிரை மாதிரி ஒரு புது வண்டி வாங்கியிருந்தான்.

"நீங்க உசுரோட இருப்பீங்க மாமா. வண்டி இருக்கணுமே" என்றான் தவுனோ.

அவன் வாய் முகூர்த்தமோ என்னவோ, வியாழக்கிழமை மஞ்சள் வண்டி ஊளையிட்டுவிட்டு நின்றுவிட்டது. கோளாறு பெரிதில்லை. கிளட்சுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல் போயிருந்தது. மோதிரம் மாதிரி ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். புதிய வளையம் எல்யாஸின் சட்டைப் பையிலேயே இருந்தது. கிளட்சைக் கழற்ற வேண்டும், வளையத்தை மாற்ற வேண்டும், கிளட்சை மாட்ட வேண்டும்.

"காபி ஆறுறதுக்குள்ள வந்துடுறேன்" என்று ஹெல்வியிடம் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனார்.

காபி ஆறியது. ஹெல்வி அதைக் கொட்டிவிட்டு வேறு போட்டாள். அதுவும் ஆறியது.

கிளட்ச் இன்ஜினின் கூம்புத் தண்டின் மேல் செருகி உட்கார்ந்திருந்தது. நடுவில் இருந்த போல்ட் சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்று வந்துவிட்டது. கிளட்ச்தான் உடும்புப் பிடி பிடித்தது. எல்யாஸ் நெம்பிப் பார்த்தார். கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார். அது ஓடி அவருடைய பூட்சுக்கடியில் உறைந்ததில் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். கெஞ்சினார். அப்பா காலத்துக் கெட்ட வார்த்தைகளைக்கூடத் தூசி தட்டி எடுத்தார். கடைசியில் பெரிய சுத்தியலை எடுத்தார். சுத்தியலுக்கு மசியாத இரும்பு லாப்லாந்திலேயே இல்லை என்பது அவருடைய கட்சி. அன்றைக்கு ஒன்று இருந்தது.

டிராக்டர் போல்ட் ஒன்றைத் தேய்த்துத் தானே ஒரு புல்லர் செய்தார். புல்லர் என்றால் நீளமான போல்ட்தான். கிளட்சுக்குள் திருகிக்கொண்டே போனால் முனை தண்டின் தலையில் இடித்து, கிளட்சை வெளியே தள்ள வேண்டும். எல்யாஸின் புல்லர் மெழுகுவர்த்தி மாதிரி வளைந்துவிட்டது. அந்த வண்டிக்கென்றே கடைசலில் செய்த கெட்டி இரும்புப் புல்லர் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தவுனோவிடம் இருந்தது.

கிளட்ச் வராவிட்டால் ஞாயிறு காலை யார் பாதை போடுவார்கள்? தவுனோ. கிளட்ச் வர யாரிடம் போய் நிற்க வேண்டும்? தவுனோவிடம். எல்யாஸ் கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து இதை நெடுநேரம் யோசித்தார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தவுனோவின் பல்லே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை போனார். எங்கள் பக்கத்தில் வந்தவுடன் வந்த காரியத்தைச் சொல்கிறவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்போம். உட்கார வேண்டும், காபி குடிக்க வேண்டும், பனியைப் பற்றிப் பேச வேண்டும், மீனைப் பற்றிப் பேச வேண்டும், எழுந்திருக்க வேண்டும். கதவுக் கைப்பிடியில் கை வைத்த பிறகு, அப்போதுதான் ஞாபகம் வந்தது போல ஒரு வார்த்தை சொல்லலாம். எல்யாஸ் முறைப்படி எல்லாம் செய்தார். பாதை போடுவதைப் பற்றி இருவருமே வாயைத் திறக்கவில்லை. தவுனோ மட்டும் காபி ஊற்றும்போதெல்லாம் புன்னகைத்தான்.

கைப்பிடியில் கை வைத்தாயிற்று. எல்யாஸ் தொண்டையைக் கனைத்தார்.

"உங்கிட்ட அந்தப் பழைய வண்டிக்கான புல்லர் ஒண்ணு இருந்துச்சுல்ல, மாப்ள?"

"இருக்கு மாமா. ஏன், உங்க வண்டிக்கா?"

"எனக்கா? சேச்சே! பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் கேட்டாரு."

"எந்தப் பக்கத்து வீடு? உங்களுக்கு ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் காடு."

"காட்டுக்கு அந்தப் பக்கம்" என்றார் எல்யாஸ்.

தவுனோ உள்ளே போய்ப் புல்லரைக் கந்தல் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். "அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, நாளைக்கு சௌனாவுக்கு வரும்போது வாங்கிக்கிறேன்னு."

"அவரு எதுக்கு எங்க வீட்டு சௌனாவுக்கு வர்றாரு?"

"நான் வருவேன்ல மாமா. எல்லா சனிக்கிழமையும் வர்றேனே."

நல்ல புல்லர்தான். எல்யாஸ் ஸ்பேனரில் ஒரு குழாயை மாட்டி, குழாயில் தன் முழு எடையையும் தொங்கவிட்டார். புல்லர் இறுகியது, குழாய் முனகியது, முதுகும் முனகியது. கிளட்ச் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இன்ஜினையே வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து முயன்றார். கிளட்ச் அங்கே இன்னும் வசதியாக அமர்ந்துகொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் சௌனாவின் புகைபோக்கியிலிருந்து புகை எழுந்தது. கையைப் பிசைந்துகொண்டு நின்ற எல்யாஸ் அந்தப் புகையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஹெல்விக்கு அந்த மலர்ச்சியைக் கண்டாலே பயம்.

"என்னங்க, எதுக்கு இப்படிச் சிரிக்கிறீங்க?"

"சூடு! அதுக்குச் சூடுதான் பத்தல. கிளட்ச் அலுமினியம். சூட்டுல தண்டை விட அதிகமா விரியும். விரிஞ்சா கழண்டுக்கும். ஒரு கை பிடி, சௌனாவுக்குள்ள தூக்கி வச்சுடலாம்."

"எதை?"

"இன்ஜினை."

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கம்மா கேட்டாங்க, இந்த ஆளுகிட்ட என்னத்தைப் பாத்தேன்னு. இன்னும் பதில் தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள் ஹெல்வி. ஆனால் ஒரு கை பிடித்தாள். பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்து, இன்ஜினை நன்றாகத் துடைத்துக் காட்டிய பிறகுதான் பிடித்தாள். கீழ்ப்பலகையில் பழைய சாக்கை விரித்து அதை உட்கார வைத்தார்கள். புல்லர் மூக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. எல்யாஸ் அதை இன்னும் அரைச் சுற்று இறுக்கிவிட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்தினார். மானம் காக்க வேண்டுமே.

தவுனோ வந்தான். உடைகளைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றான்.

"இது யாரு மாமா? துண்டெல்லாம் கட்டியிருக்காரு."

"ஏறி உக்காரு மாப்ள. கதவைச் சாத்து, சூடு போகுது."

தவுனோ துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். "ஓஹோ! காட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரா?"

"அவரு வண்டிதான்" என்றார் எல்யாஸ், கல்லடுப்பைப் பார்த்துக்கொண்டே.

"அவரும் மஞ்சள் பெயிண்ட்தான் அடிச்சிருக்காரா? பாவம், உங்களை மாதிரியே அவருக்கும் ரசனை."

இருவரும் மேல்பலகையில் ஏறி உட்கார்ந்தார்கள். எல்யாஸ் அகப்பையால் தண்ணீரை மொண்டு அடுப்பில் காய்ந்த கற்களின் மேல் ஊற்றினார். ஆவி புஸ்ஸென்று எழுந்து காதைச் சுட்டது. இன்னொரு அகப்பை. வழக்கமாக இவ்வளவு ஊற்ற மாட்டார்.

"இன்ஜினை வேக வைக்கிறேன்னு என்னை வேக வைக்காதீங்க மாமா."

"தாங்கலேன்னா இறங்கிப் போ. சின்னப் பசங்க தாங்க மாட்டாங்கதான்."

"நான் தாங்குவேன். வயசானவங்க இருக்காங்களேன்னு பார்த்தேன்."

அதற்குப் பிறகு எவன் முதலில் இறங்குவது? எல்யாஸ் ஊற்றினார். அகப்பையைப் பிடுங்கித் தவுனோவும் ஊற்றினான். இருவரும் பீட்ரூட் நிறத்தில், குனிந்து, மூச்சைப் பிடித்து, அவமானத்துக்குப் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். கீழே இன்ஜின் மட்டும் நிம்மதியாக வியர்த்தது.

டமால்!

துப்பாக்கி வெடித்த மாதிரிதான் இருந்தது. துண்டு பறந்தது. ஏதோ ஒன்று மரச்சுவரில் மோதி, எகிறி, தண்ணீர் வாளிக்குள் விழுந்து ஸ்ஸ்ஸென்று சீறியது. மறுகணம் லாப்லாந்தின் தைரியசாலிகள் இருவரும் அம்மணமாக வெளியே பனியில் இடுப்பளவு புதைந்து நின்றார்கள். சமையலறை ஜன்னலில் ஹெல்வியின் முகம் தெரிந்தது. அவள் நிதானமாகத் திரையை இழுத்துவிட்டாள்.

"கழண்டுடுச்சு!" என்று கத்தினார் எல்யாஸ். "சொன்னேன்ல? சூடு! யாருக்குத் தோணும் இது? சொல்லு, யாருக்குத் தோணும்?"

"யாருக்குமே தோணாது மாமா" என்றான் தவுனோ. முதல் முறையாக அதில் கேலி இல்லை.

உள்ளே திரும்பி வந்தார்கள். எல்யாஸ் வாளியிலிருந்து கிளட்சை எடுத்துப் பச்சைக் குழந்தை மாதிரி கையில் ஏந்தினார். தவுனோ குனிந்து தண்டைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தான். மெதுவாக ஒரு சுற்று. பிறகு இன்னொரு சுற்று. தண்டு நேராகச் சுழலவில்லை. வேண்டாம் வேண்டாம் என்பது போலத் தலையாட்டியது.

"மாமா, சுத்தியல் எடுத்தீங்களா?"

"லேசா."

"எந்தச் சுத்தியல்?"

எல்யாஸ் கிளட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரிசா?"

"பெரிசுதான்."

அதோடு தெரிந்துவிட்டது. கிளட்ச் வந்தும் பயனில்லை. வியாழக்கிழமையே, முதல் காபி ஆறுவதற்குள்ளேயே, தண்டை வளைத்து இன்ஜினைக் கொன்றாயிற்று. வெள்ளியும் சனியும் பிணத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார். வெளியே மாட்டிய சட்டையின் பையில் புது வளையம், கையில் கிளட்ச், இடுப்பில் ஒன்றுமில்லை. தன்னை யாராவது இப்போது படம் எடுத்தால் ஊர்ப் பெரியவர் என்று கீழே எழுதுவார்களா என்று அவருக்கே ஒரு யோசனை ஓடியது. சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

தவுனோ இந்த நேரத்தில் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் வசதியாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம். அவன் பறந்து விழுந்த துண்டை எடுத்துத் தண்டின் மேல் போர்த்திவிட்டு, கீழ்ப்பலகையில் உட்கார்ந்தான்.

எல்யாஸ்தான் பேசினார். கதவுக்குப் போகவில்லை, காபிக்குக் காத்திருக்கவில்லை, பனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நாளைக்குப் பாதையை நீ போடு மாப்ள."

"நீங்க?"

"நானும் வருவேன். பின்னாடி சறுக்குவண்டியைக் கட்டு. எங்க நீரோட்டம், எங்க ஐஸ் மெலிசு, உனக்கு என்ன தெரியும்?"

"வாயை மூடிக்கிட்டு உக்காருவீங்களா?"

"மாட்டேன்."

"சரி, வாங்க" என்றான் தவுனோ.

ஞாயிறு காலை கறுப்பு வண்டி ஏரியில் இறங்கியது. பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் கலைமான் தோலை விரித்து, ராஜா மாதிரி எல்யாஸ் உட்கார்ந்திருந்தார். கையில் நீளமான கம்பு. இன்ஜின் சத்தத்தில் இவர் கத்துவது அவனுக்குக் கேட்காது. அதனால் இடது பக்கம் போக இடது தோளில் ஒரு குத்து, வலது பக்கம் போக வலது தோளில் ஒரு குத்து. நேராகப் போகும்போதும் சும்மா இருக்கக் கை வரவில்லை, நடு முதுகில் ஒன்று வைத்தார்.

திங்கள் காலை கரையில் ஊரே துளைக்கருவியும் தூண்டிலுமாகக் கூடிவிட்டது. "பாதை யாரு போட்டது?" என்று யாரோ கேட்டார்கள்.

"வழக்கம் போல நான்தான்" என்றார் எல்யாஸ். "தவுனோ சும்மா கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டிருந்தான்."

தவுனோ மறுக்கவில்லை. தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

நல்ல பாதை, கல்லாக இறுகியிருந்தது, தீவு வரைக்கும் நூல் பிடித்தாற்போல நேர்க்கோடு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் திடீரென்று வலப்பக்கம் ஒடிந்து, பெரிய வட்டமடித்து, மறுபடி நேராகியிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் எல்யாஸ் முகத்தைக் கனமாக்கிக்கொண்டு, "அங்க அடியில ஓட்டம் இருக்கு. தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும்" என்றார். அவருடைய தொப்பி காற்றில் பறந்து விழுந்த இடம் அது. எடுக்கத்தான் திரும்பினார்கள். சுருக்கு வழி கண்ணெதிரே பளிச்சென்று கிடந்தும் ஒருவரும் அதில் கால் வைக்கவில்லை. பாதிரியார், கடைக்காரர், கைக்குழந்தையோடு பெண்கள் எல்லாரும் பயபக்தியோடு அந்த வளைவைச் சுற்றிக்கொண்டே நடந்தார்கள்.