கொரியப் பிள்ளையின் விடுமுறை வீட்டுப்பாடம்

இன்று காலை சுற்றுலா ஊரான இன்டர்லாக்கனில், நான் வேலை செய்யும் ஹோட்டலில் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். விருந்தினராக வந்திருந்த ஒரு கொரிய அம்மா, சின்ன மகளோடு என்னிடம் வந்தார்.

“இவளோடு கொஞ்சம் ஆங்கிலத்தில் பேசுவீர்களா? வீடியோ எடுத்து டியூஷன் டீச்சருக்கு அனுப்ப வேண்டும்.”

அந்த டியூஷனுக்கு வீட்டு வாடகையைவிட அதிகமாகக் கட்டுகிறார்களாம். ஆனாலும் பிள்ளை வாயே திறப்பதில்லையாம்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். என்னுடையது யூடியூப் ஆங்கிலம். “வேறு யாரையாவது கேளுங்கள்” என்றேன்.

“நீங்கள்தான் அமைதியாக இருக்கிறீர்கள். இவள் பயப்பட மாட்டாள்.”

பிள்ளை மனப்பாடம் செய்த கேள்விகளைக் கேட்டாள். பெயர், பிடித்த சாப்பாடு. பிறகு, “உங்கள் நெருங்கிய தோழி யார்?”

என் ஊரான ஊஸ்டரை விட்டு இங்கே வேலைக்கு வந்த பிறகு யார் இருக்கிறார்கள்? “யாரும் இல்லை” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மனப்பாடம் செய்யாத ஒரு வசனம் சொன்னாள். “எனக்கும் இல்லை. டியூஷன் முடிய இரவாகிவிடும்.”

அம்மா வீடியோவை நிறுத்தினார். “இதை அனுப்ப முடியாது. இன்னொரு தடவை எடுப்போம்.”

இரண்டாம் தடவை நாங்கள் இருவரும் தோழி என்று ஆளுக்கொரு பெயர் சொன்னோம்.

குசினிக்குள் போனதும் சமையல்கார அண்ணை சிரித்தார். “என்ன பிள்ளை, உனக்குக் கதைக்கத் தெரியுமோ? இவ்வளவு நாளும் எங்களுக்குக் காட்டேல்லையே!”

நான் சொன்ன பெயர் அனு. இங்கே அனு என்று யாராவது இருந்தால் கீழே கமெண்டில் ஒரு ஹாய் போடுங்கள். கொரியாவில் ஒரு டீச்சர் நம்பப் போகிறார்.