சிவப்புக் காருக்கு ஒரு சப்வூபர்

எதையும் மலிவாக வாங்கத் தெரிந்தவன் ஹுதைபா. எதை வாங்க வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரியாது. திகன சந்தியில் போன் கவரும் சார்ஜரும் விற்கிற சின்னக் கடை அவனுடையது. மனைவி ஹபீலா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு மகள்மார், முனகாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு வான் என்று நிம்மதியாக இருந்த மனிதன், போன வருஷம் அந்த வானைக் கொடுத்துவிட்டுக் கண்டியில் ஒரு டொக்டரின் மகனிடமிருந்து சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். ஜப்பான் கார். பழசு. இரண்டே இரண்டு இருக்கை. குடும்பத்தில் நாலு பேர் இருப்பது அதை நிறுத்திய பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ. ஹபீலா வெளியே வந்து பார்த்தாள், உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.

அடுத்த ஒழுங்கையில் இருந்த றிஸ்விதான் முதலில் வாய் திறந்தான். தாய்மாமன் மகன், ஒன்றாக வளர்ந்தவன். "இது காரா, சப்பாத்தாடா? கால விட்டுக்கிட்டு நடக்கலாம் போல ஈக்கி" என்றான். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஹுதைபாவும் சிரித்தான். றிஸ்வி சொன்னால் அவனுக்குக் கோபம் வராது.

இந்த இரண்டு பேருக்கும் ஊரில் ஒரு மரியாதை இருந்தது. யாராவது மவுத்தானால், அடக்கம் செய்ய கப்றுக் குழி வெட்டக் கூலிக்கு ஆள் பிடிக்கிற வழக்கம் அங்கே இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்ததும் இளந்தாரிகள் தாங்களாகவே அடக்கத்தலமான மையவாடிக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போகிறவர்களில் றிஸ்வியும் ஹுதைபாவும் எப்போதும் முதல் ஆட்கள். மாரியில் அந்த மண் வெட்ட வெட்டச் சரியும். எந்தப் பக்கம் பலகை கொடுக்க வேண்டும், எவ்வளவு ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்பது இவர்களுக்குக் கைப்பழக்கம். மண்வெட்டிகளும் அலவாங்குக் கடப்பாரையும் ஹுதைபாவின் வானிலேயே கிடக்கும். வான் போனபின் காரின் டிக்கிக்குள் குறுக்கே கிடந்தன. கடன்காரன், காசைக் கரைக்கிறவன், படம் காட்டுகிறவன் என்று அவனைப் பற்றி என்ன பேசினாலும், கப்று வெட்டும் விஷயத்தில் ஹுதைபாவை ஊர் குறை சொன்னதில்லை.

பிறகு றிஸ்வியின் இரண்டு கிட்னியும் பழுதாகிவிட்டன. கண்டி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் ஆள் பாதியாக வற்றிப்போனான். மருந்துக்கு ஓடுவதும் ரிப்போட் எடுக்க ஓடுவதும் ஹுதைபாதான். ஒருநாள் கட்டிலில் சாய்ந்தபடி றிஸ்வி சொன்னான்: "நான் மவுத்தானா நீதான்டா கப்றுக்குள்ள எறங்கி என்னயக் கையில வாங்கணும். வேற எவனாச்சும் எறங்கினா எழும்பி வந்துருவன்."

"சும்மா இரி" என்றான் ஹுதைபா.

"சரின்னு செல்லு."

"சரி."

பக்கத்தில் நின்ற றிஸ்வியின் மூத்த சகோதரர் முபாரிஸ் நானாவும் அதைக் கேட்டார்.

இப்படியான நேரத்தில் ஒரு மனிதனுக்கு சப்வூபர் ஸ்பீக்கர் ஆசை வருமா? வந்தது. ஆசைக்கு எங்கே நேரங்காலம் தெரிகிறது! காரில் பாட்டுப் போட்டால் தகரப் பேணிக்குள் வண்டு கத்துவதுபோல் கேட்டது. இரவில் படுத்துக்கொண்டு போனில் வீடியோ பார்ப்பான். சின்ன டிக்கிக்கு எந்த சப், குறைந்த காசில் எந்த அம்ப்ளிபயர் என்று யார் யாரோ கத்திக்கொண்டிருப்பார்கள். மச்சான் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கும்போது இதைப் பார்க்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தில் சத்தத்தைக் குறைத்தான். பார்ப்பதை நிறுத்தவில்லை.

அந்த வியாழக்கிழமை காலையில் ஹபீலாவிடம், "றிஸ்விட மருந்தொன்னு கண்டிலதான் கெடைக்குமாம். எடுத்துட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அது முழுப்பொய்யும் அல்ல. முபாரிஸ் நானா முந்தின நாள் மருந்துச் சீட்டைக் கொடுத்திருந்தார், பழைய மருந்து இன்னும் மிச்சம் இருக்கிறது, அவசரமில்லை என்றும் சொல்லியிருந்தார். பாதி உண்மை இருந்ததால் பொய் அவன் வாயிலிருந்து தடுக்காமல் வந்தது. கார் கண்டிக்குள் போகவில்லை. நேரே கட்டுகஸ்தோட்டைக்குப் போனது.

அங்கே வாகனங்களுக்குப் பாட்டு செட் பூட்டும் ஒரு சின்ன வேலைத்தலம். நடத்துகிறவன் கணேஸ். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, டவுனுக்கு வந்து தொழில் பழகி இப்போது சொந்தமாகக் கடை போட்டிருக்கிறான். வாய்க்காரன்.

"வாங்கண்ணே. என்னா சப் போடணும்?"

"பன்னெண்டு இஞ்சி" என்றான் ஹுதைபா, நெஞ்சை நிமிர்த்தி.

கணேஸ் டிக்கியைத் திறந்து பார்த்தான். "பன்னெண்டு இஞ்சி வைக்கலாண்ணே. வச்சுட்டு நீங்க பஸ்ல வாங்க. அதுக்குப் பெரிய பொட்டி வேணும். சின்னப் பொட்டிக்குள்ள பெரிய சப்ப அடைச்சா அது மூச்சு முட்டி செத்துப் போகும்."

சீட்டுக்கு அடியில் வைக்கிற தட்டையான வகை ஒன்றைக் காட்டினான். மலிவுதான். ஆனால் அந்தக் காரின் சீட்டுக்கு அடியில் உள்ளங்கைகூடப் போகவில்லை. காற்றுப்போக ஓட்டை வைத்த பெட்டி என்றால் அதிர்வு கூடும், இடமும் இரண்டு பங்கு வேண்டும். அதுவும் சரிவராது. பேர் தெரியாத ஒரு புது சப்பின் அட்டையில் ஆயிரத்துச் சொச்சம் வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஹுதைபா அதை ஆசையோடு தூக்கினான்.

"அட்டையில இருக்கிற நம்பர நம்பாதீங்கண்ணே. அது அட்டைய விக்கிறதுக்குப் போட்ட நம்பரு."

ஹுதைபா மெல்ல அதைக் கீழே வைத்தான். அவன் கடையில் விற்கிற பவர்பேங்க் அட்டைகளும் அதே ரகம்தான்.

கடைசியில், யாரோ காரிலிருந்து கழற்றி விற்ற பத்து இஞ்சி சப் ஒன்று அகப்பட்டது. தடிப்புக் குறைந்தது, பழசு, ஆனால் நல்ல சாமான். டிக்கியின் இடதுபக்க வளைவுக்கு அளவெடுத்து, காற்றுப் போகாமல் மூடிய பெட்டி ஒன்றைப் பலகையில் அடித்துத் தருவதாகக் கணேஸ் சொன்னான். கையில் இருந்த காசுக்கும் அது அடங்கியது.

"ஆனா இந்த மம்பட்டி அலவாங்கெல்லாம் டிக்கில இருந்தா பொட்டி உக்காராது. என்னாண்ணே, தோட்டமா செய்யிறீங்க?"

"சும்மா கெடக்கிது" என்றான் ஹுதைபா. கப்று வெட்டுகிற மண்வெட்டி என்று சொல்ல என்னவோ போல இருந்தது. "இங்கயே ஒரு மூலையில போட்டு வைங்க. பொறகு எடுக்கிறன்."

பலகை வெட்டி, பசை காய்ந்து, வயர் இழுத்து முடிய மாலை அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. காலையிலேயே அந்தப் பழைய சப்பைச் சோதித்துக் காட்டக் கணேஸ் ஹுதைபாவின் போனைக் காரோடு இணைத்து, கோல் வராதபடி விமான மோடில் போட்டிருந்தான். "ரிங் வந்தா டமார்னு அடிக்கும். வேலை முடியிற வரைக்கும் இப்பிடியே இருக்கட்டும், ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிரக் கூடாது." இப்போது பாட்டு வந்தது. பேஸ் அதிர்வு முதுகுக்குள் இறங்கி நெஞ்சில் குத்தியது. ஹுதைபா சின்னப் பிள்ளைபோல் பல்லைக் காட்டினான்.

போனை அப்படியே வைத்துக்கொண்டு பாட்டோடு புறப்பட்டான். குண்டசாலை தாண்டும்போதுதான் மருந்து ஞாபகம் வந்தது. நாளைக்கு எடுக்கலாம், கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான்.

திகனைக்கு வந்து வீட்டுப் பக்கம் திரும்பினால் வழியில் மையவாடி. வாசலில் தொப்பி போட்ட தலைகள் நிறைந்திருந்தன. யாரோ மவுத்து என்று நினைத்தானே தவிர யார் என்று நினைக்கவில்லை. தலைகளெல்லாம் காரின் பக்கம் திரும்பின. கண்ணாடி மூடியிருந்த காருக்குள் இருந்தவனுக்கு வெளியே எவ்வளவு அமைதி என்று தெரியவில்லை. கூட்டத்துக்கு நடுவில் முபாரிஸ் நானாவின் முகத்தைக் கண்ட பிறகுதான் அதுவும், மவுத்து யார் என்பதும் தெரிந்தது.

சத்தத்தைக் குறைக்கக் கை புது பொத்தானைத் தேடியது, பதற்றத்தில் அகப்படவில்லை. டிக்கி அதிர்ந்துகொண்டே இருந்தது, நம்பர் பிளேட் கடகடவென்று ஆடியது. கடைசியில் எஞ்சினையே நிறுத்தினான். காரை விட்டு வெளியே வந்தான்.

யாராவது ஒரு அறை விட்டிருக்கலாம். ஒருவரும் விடவில்லை. "வந்துட்டான், வந்துட்டான்" என்று வழி விட்டார்கள். அவன் காலையில் புறப்பட்டு, பகலாவதற்குள்ளேயே றிஸ்வி போய்விட்டான். குளிப்பாட்டி, கபன் துணியிட்டு, அஸருக்குப் பிறகு தொழுவித்து, மையித்தான உடலைக் கொண்டு வந்து கப்றடியில் வைத்துவிட்டு நின்றிருந்தார்கள். தாமதிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னபோதும் முபாரிஸ் நானா, "ஹுதைபா வரட்டும். தம்பிக்கு மருந்தெடுக்கத்தான் பெய்த்தீக்கிறான்" என்று கெஞ்சி நிறுத்தி வைத்திருந்தார். ஹபீலா சொன்னதை ஊரே நம்பியது. போன் வேலை செய்யாததற்கும் ஊரே காரணம் கண்டுபிடித்திருந்தது: பாவம், எந்த ஆஸ்பத்திரியில் நிற்கிறானோ.

முபாரிஸ் நானா அவனைக் கட்டிப்பிடித்தார். "மருந்து கெடச்சிச்சா?"

"கெடைக்கல்ல நானா."

"பரவால்ல. இனி என்னத்துக்கு. வா, எறங்கு. ஒனக்காகத்தான் நிக்கிறம்."

இறங்கினான். கப்றின் ஒரு பக்கம் கோணலாக இருந்தது. நல்ல மண்வெட்டி இல்லாமல் கடைகளில் இரவல் வாங்கி வெட்டியிருந்தார்கள் என்பது பார்த்ததும் தெரிந்தது. மேலே இருந்து றிஸ்வியை நீட்டினார்கள். தோளோடு சேர்த்து வாங்கினான். கனமே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி, கிப்லாத் திசையைப் பார்த்துச் சாய்த்து, கபன் முடிச்சுகளை அவிழ்த்தான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குச் செய்த வேலைதான். பாட்டின் அதிர்வு இன்னும் நெஞ்சுக்குள் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. அந்த நெஞ்சோடுதான் மச்சானைப் பிடித்திருந்தான்.

மண் தள்ளி, துஆப் பிரார்த்தனை முடிந்ததும் மௌலவி சில வார்த்தைகள் பேசினார். நோயாளிக்காகக் கடைசிவரை ஓடித் திரிந்த ஹுதைபாவைப் போல் ஒரு மச்சான் எல்லாருக்கும் அமையட்டும் என்றார். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று ஆட்கள் சொல்வார்கள். ஹுதைபா அப்போதுதான் அந்தப் பிளவுக்குள்ளிருந்து ஏறி வந்திருந்தான். பூமிகூட அவனை வைத்துக்கொள்ளவில்லை.

தொழுகைக்கு முன் முபாரிஸ் நானா பள்ளிவாசலில் எழுந்து நின்று, தம்பி யார் மனதையாவது நோகச் செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டதாகப் பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் முறை. போனவருக்காக இருப்பவர்களிடம் கேட்கலாம். இருக்கிறவன் போனவனுக்குச் செய்ததற்கு யாரிடம் கேட்பது? ஹுதைபாவுக்குத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தது. முபாரிஸ் நானா களைத்துப்போய்க் காரடிக்கு வந்தார். "நடக்க ஏலாம ஈக்கி. என்ன வீட்டடில விட்டுடு" என்று பக்கத்துச் சீட்டில் ஏறினார். ஹுதைபா சாவியைத் திருப்பினான். பின்னால் 'டும்' என்று ஒரு அடி விழுந்தது. நானா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்னடா அது?"

ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். பழைய கார், எஞ்சின் கோளாறு என்றால் நம்பியிருப்பார். ஆனால் இன்னொரு பொய்யைச் சுமக்க அவனிடம் இடமில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். மருந்தெடுக்கப் போகவில்லை, கண்டிக்குள்ளேயே போகவில்லை, காருக்கு ஸ்பீக்கர் பூட்டப் போனேன், மண்வெட்டிகளும் அங்கேதான் கிடக்கின்றன, போனையும் அதற்காகத்தான் அடைத்து வைத்தேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழவும் வெட்கமாக இருந்தது.

நானா கதவைத் திறந்தார். அந்தத் தாழ்ந்த சீட்டிலிருந்து எழும்ப அவருக்குச் சிரமமாக இருந்தது. ஹுதைபா சுற்றி ஓடிவந்து கையை நீட்டினான். அவர் அதைப் பிடிக்கவில்லை. கதவைப் பிடித்து எழும்பி நின்று, சாரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"கப்றுக்குள்ள எறங்க முந்தி நீ செல்லி ஈந்தா, வேற ஆள எறக்கி ஈப்பன்" என்றார்.

சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.