மற்றவர் மூலமாகவும்

பாதுகாப்பு அதிகாரி முதன்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பொய் சொன்னேன். மருமகளின் புகாரை விசாரிக்க மாவட்ட சமூக நல அலுவலகத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். கூடத்தில் உட்கார்ந்து கோப்பைத் திறந்துகொண்டு, "மருமகளுக்குக் கண்ணுகிட்ட எப்படிம்மா அடிபட்டது?" என்று கேட்டார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்றேன்.

மருமகள் எதிரில்தான் நின்றாள். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் விழவில்லை. என் மகன்தான் அடித்தான். துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. வெளியில் அதிர்ந்து பேசாதவன் என்று பெயர். அன்று காலை அவன் குரல் உயர்ந்ததுமே நான் சமையலறையில் மிக்சியைப் போட்டேன். சட்னி ஏற்கெனவே அரைத்தாகிவிட்டது. இருந்தும் ஓடவிட்டுக்கொண்டு நின்றேன். சுவருக்கு அப்பால் நடப்பது காதில் விழக்கூடாது, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நாசரேத்தில் முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். யார் தொட்டாலும் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் என் வீட்டில் அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தபோது என் மனதில் இருந்ததெல்லாம் வருகிற ஞாயிற்றுக்கிழமைதான். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், 'டீச்சர் மகனா அப்படி?' என்று கேட்பார்களே என்ற கவலை.

என் பொய் எதையும் தடுக்கவில்லை. மருமகளிடம் அரசு மருத்துவமனைச் சீட்டு இருந்தது. போனில் படங்கள் இருந்தன. அதிகாரி எழுதிய அறிக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனது. இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். சில வாரங்களில் இடைக்கால உத்தரவு வந்தது. என் மகன் அவளை அடிக்கவோ மிரட்டவோ கூடாது, வழக்கு முடியும்வரை வீட்டைவிட்டு வெளியே தங்க வேண்டும் என்று அதில் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. வக்கீலம்மாவிடமே கேட்டுவிட்டேன், "வீடு என் பேர்ல இருக்கு. எம்புள்ள வெளிய போணும், அவ உள்ள இருக்கணுமா?"

"கல்யாணமாயி குடும்பமா வாழ்ந்த வீடும்மா. யார் பேர்ல இருந்தாலும் அங்க இருக்க அவங்களுக்கு உரிமை உண்டு" என்றார் அவர்.

மகன் இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் ஒரு நண்பனின் அறைக்குப் போனான். நானும் மருமகளும் ஒரே வீட்டில் மிஞ்சினோம். இறால் ஏற்றுமதி கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. காலையில் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்புவாள். எங்கே போனாலும், எப்போது வருவாள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று அதிகாரி அவளிடம் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தது நான் மட்டும்தான். அதனால் என்னிடம் சொன்னாள். நான் பொய் சொன்னவள் என்று தெரிந்தும் சொன்னாள்.

மகன் தினமும் எனக்குப் போன் செய்தான். ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். ஒருநாள் அழுதான். அவன் அழுது நான் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"எம்மா, அவகிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும். வீட்டுக்கு வரல. ரோட்டுல வச்சுத்தான். எங்கன இறங்குதான்னு மட்டும் சொல்லு."

அன்று மதியம்தான் மருமகள் போன் செய்து, "அத்த, கம்பெனி வேன் ரிப்பேரு. பஸ்ஸுல வாரேன். மீன்பிடி துறைமுகம் ஸ்டாப்புல இறங்கி நடந்து வந்துருதேன்" என்று சொல்லியிருந்தாள். அதை அப்படியே மகனிடம் சொன்னேன். கடைசியில், "ஏல, கை நீட்டிராத, கேட்டியா?" என்றும் சொன்னேன். இந்த ஒரு வார்த்தை போதும். என்ன நடக்கக்கூடும் என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

ஏழு மணிக்கு அவள் வந்தாள். சுடிதாரின் தோள்பக்கம் கிழிந்திருந்தது. முழங்கையில் ரத்தம். ஸ்டாப்பில் அவன் காத்திருந்ததாகவும், கையைப் பிடித்து இழுத்ததாகவும், போனைப் பிடுங்கித் தரையில் அடித்ததாகவும் சொன்னாள். ஐஸ் லாரியிலிருந்து இறங்கிய இரண்டு பேர் ஓடிவந்து அவனைப் பிடித்திருக்கிறார்கள்.

நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் வாங்கவில்லை.

"வேன் வராதுன்னு நான் உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன் அத்த."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அதுவரை என் மகனுக்குப் பயந்துதான் அவள் தாழ்ப்பாள் போடுவாள்.

மறுநாள் அவள் அதிகாரியைப் பார்க்கக் கிளம்பியபோது, "நானும் வாரேன்" என்றேன். அவள் ஆட்டோவில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

அதிகாரி உத்தரவை எடுத்துப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். "நேராகவோ, தொலைபேசியிலோ, மற்றவர் மூலமாகவோ எவ்விதத்திலும் தொடர்புகொள்ளக்கூடாது" என்று வாசித்தார். பிறகு, "வீட்டுக்கு வராம இருந்தா மட்டும் போதாதும்மா. ரோட்டுல மறிச்சாலும் உத்தரவை மீறுனதுதான். ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. அவர் எப்படி அந்த ஸ்டாப்புக்கு வந்தாரு?" என்றார்.

அந்தத் தாளை நான் வீட்டில் மூன்று முறை வாசித்திருக்கிறேன். 'மற்றவர்' என்பது நான்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

"நாந்தான் சொன்னேன்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "முன்னால நீங்க வந்தப்ப சொன்னதும் பொய். அவ விழல. எம்மவன் அடிச்சான். நான் அடுப்பங்கரையில இருந்தேன்."

மருமகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதி, வாசித்துக்காட்டி, கையெழுத்து வாங்கினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். "இதை கோர்ட்டுலயும் சொல்லணும்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே போலீஸ் அவனைக் கைது செய்தது. பத்து நாளில் ஜாமீனில் வந்தான். இறுதி விசாரணையில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிரே நிற்பவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். "மகன்" என்றேன். அதன்பின் அவனைப் பார்க்காமல், சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உண்மை சொன்னவள் என்ற பெருமை துளியும் வரவில்லை. ஒருத்தி அடிபடும்போது சொல்லாததை, வழக்கு முடியும் நேரத்தில் சொல்வதில் என்ன பெருமை?

உத்தரவு உறுதியானது. அவளாக மனுப் போட்டு மாற்றும்வரை அது நிற்கும் என்றார் வக்கீலம்மா. உத்தரவை மீறிய வழக்கு தனியாக நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்த மாதம் மருமகள் தன் சாமான்களைக் கட்டினாள். "இந்த வீட்டுல இருக்க உனக்கு உரிமை இருக்குன்னு கோர்ட்டே சொல்லிருக்குல்லா" என்றேன். எந்த உரிமை எனக்குக் கோபமூட்டியதோ, அதைச் சொல்லியே அவளைக் கெஞ்சினேன்.

"உரிமை இருக்கு அத்த. ஆனா நான் எத்தன மணிக்கு வருவேன்னு இங்க யாருகிட்ட சொல்லிட்டுப் போவேன்?"

எங்கே வீடு பிடித்திருக்கிறாள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிறிஸ்மஸ் அன்று போன் செய்து நலம் விசாரித்தாள். மகனும் அவ்வப்போது போன் செய்கிறான், அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்கிறான். தெரியாது என்கிறேன். அவன் நம்புவதில்லை.