நன்றி சொல்லிவிட்டுப் பாடு

பாட்டு வாத்தியார் வேலையில் முதலில் தேய்ந்துபோவது தொண்டை இல்லை, முகம். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நீங்களும் பட்டிருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அதுவும் சுருக்கமாக.

அறுபதுகளில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சபா நடத்திய சங்கீதப் பள்ளிக்கூடத்தில் எனக்கு உத்தியோகம். கீழே மல்லாக்கொட்டை மண்டி, அதாவது நிலக்கடலை வியாபாரம், மாடியில் நாங்கள். பிள்ளைகள் ஆதார சுருதி பிடிக்கும்போது கீழேயிருந்து மூட்டை போடுகிற சத்தமும் சேர்ந்து வரும். வக்கீல் வீட்டுப் பெண்களும் மண்டிக்காரர் வீட்டுப் பெண்களும் படித்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஒரு பாட்டு. அதோடு சங்கீதம் முடிந்துவிடும். நாங்களும் அதற்கு மேல் எதிர்பார்த்ததில்லை.

ஓர் ஆண்டு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர், சங்கீதம் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும் என்று பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். எங்கள் சபாத் தலைவருக்கு அது பிடித்துக்கொண்டது. கீழே இருந்த மண்டிக்கு முதலாளியும் அவர்தான். ஏழைப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம், சம்பளம் கட்டாமலே படிக்கலாம் என்றார். பெரியவர்களுக்கு மாலை வகுப்பு என்றார், அதுவும் இலவசம். ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார். சங்கீதம் எந்த வீட்டுக்கும் போகவில்லை. நான் போனேன்.

ஊசி போடுகிறவன்

தேவனாம்பட்டினம் குப்பத்துக்கு ஆள் பிடிக்கப் போனேன். வெள்ளை ஜிப்பா, கையில் கறுப்புச் சுருதிப் பெட்டி. மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் ஒரே ஓட்டம். சிலது கட்டுமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அம்மை குத்த வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள். குடிசைப் படல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. வெயிலில் நடுமணலில் தனியாக நின்றேன். பாட்டு வாத்தியாருக்கு இப்படியும் ஒரு சபை.

வேறு வழி தெரியவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கூடை மேல் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, துருத்தியை அமுக்கி, நாலு வரி பாடினேன். மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த குப்பம்மா என்கிற பெண்பிள்ளை எழுந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் மகள் அஞ்சலை. எட்டாவது வரை படித்த பெண். என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தாள். நான் இலவசம், கருணை, கலை என்று தலைவர் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒப்பித்தேன். குப்பம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வலை இழுக்கும்போது நாங்க சும்மாதான் சாமி பாடுறோம். அதுக்கு ஒருத்தரு இலவசம் குடுக்கணுமா?"

எல்லாரும் என்றால்

மாலை வகுப்புக்கு ஒரு வாரம் யாரும் வரவில்லை. பிறகு ஒரு நாள் படிக்கட்டில் பாதி ஏறி ஒருவர் நின்றார். அமீது பாய். பினாங்கில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து கடலூர் ஓல்டு டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஐம்பதைத் தாண்டிய வயது, நரைத்த தாடி. தர்கா கந்தூரியில் பாடுகிற குரல் அவருக்கு உண்டு என்று ஊருக்குத் தெரியும். பாடுவது எந்த ராகம் என்று தெரிந்துகொள்ளாமல் மவுத்தாகிவிடக் கூடாது என்பது அவர் ஆசை.

"மேலே வாங்க பாய்" என்றேன். வரவில்லை. கையில் எங்கள் நோட்டீஸ். மடித்து வைத்திருந்ததைப் பிரித்துக் காட்டினார். அன்றைக்குக் காலையில்தான் தலைவர் என்னிடம், "எல்லாரும்னு போட்டுட்டோம், பார்த்துச் சேத்துக்குங்க வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது இவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் மாதிரிதான் கேட்டார்: "எல்லாரும் வரலாம்னு போட்டிருக்கீங்க வாத்தியாரே. எல்லாரும்னா யாரு யாருன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா, ஏறுறதா எறங்குறதான்னு நான் பாத்துக்குவேன்."

தட்டு

எல்லாரும் என்றால் எல்லாரும்தான் என்றேன். பாய் ஏறிவந்தார். விஜயதசமியன்று அஞ்சலையும் வந்தாள். அன்றைக்குப் புதுப் பிள்ளைகள் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைத்து வாத்தியாருக்குக் கொடுத்து முதல் பாடம் கேட்பது வழக்கம். குப்பம்மாவுக்கு யாரோ தட்டு வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். என்ன வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இருக்கிறதில் உசத்தியானதை வைக்க வேண்டும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். நியாயம்தானே?

கழுவித் துடைத்து, வாழையிலையில் சுற்றி, மேலே இரண்டு செம்பருத்தி வைத்து, தட்டு நிறைய ஒரு வஞ்சிர மீன். நான் சைவம். அது போகட்டும், வாங்கி வைத்திருப்பேன். தலைவர் பக்கத்தில் நின்றார். மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, "டேய், எடுத்துட்டுப் போய் வெளியே போடுடா" என்று மண்டி ஆளைக் கூப்பிட்டார். வக்கீல் வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். குப்பம்மா தட்டைத் தானே தூக்கிக்கொண்டாள். யாரிடமும் கோபமாகப் பேசவில்லை. என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "வெடிகாலைலேர்ந்து நாலு பேரு வெல கேட்டாங்க சாமி. வாத்தியாருக்குன்னு சொல்லி எடுத்தாந்தேன்."

விருந்தாளிகள்

அஞ்சலைக்குப் பாட்டு விளையாட்டு இல்லை. முதல் தாரத்தை இழந்த தாய்மாமனுக்கு அவளை ஒரு வருஷம் கழித்துத் தை மாதம் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. மாமனுக்கு அவளைப்போல் இரண்டு பங்கு வயது. சர்க்கார் சங்கீதப் பரீட்சையில் தேறினால் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராகப் போகலாம். தேறிவிட்டால் கல்யாணத்தை நிறுத்துகிறேன் என்று அவள் அப்பன் கடற்கரையில் நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தான். ஒரே ஒரு வருஷம். ஒரே ஒரு பரீட்சை. அதனால் வெறி பிடித்த மாதிரி படித்தாள்.

படிக்க விட்டால்தானே. உபகாரச் சம்பளம் கொடுத்தாகிவிட்டது, நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? மண்டிக்கு வருகிற வெளியூர் வியாபாரி, பாங்கு ஏஜெண்டு, தன் சம்பந்தி வீட்டார் எல்லாரையும் தலைவர் மாடிக்கு அழைத்து வருவார். உடனே பாடம் நிற்கும். அஞ்சலை எழுந்து கையைக் கூப்பி, "தலைவர் ஐயா அவர்களின் பெருங்கருணையால் சங்கீதம் பயிலும் ஏழைச் சிறுமியாகிய நான்" என்று தொடங்கி ஒரு பாராவை ஒப்பிக்க வேண்டும். தலைவரே எழுதியது. பிறகு ஒரு பாட்டு. பிறகு எல்லாருக்கும் போண்டா, காப்பி. அன்றைக்கு எடுத்த வர்ணப் பாடம் அந்தரத்தில் நிற்கும். நன்றி சொல்லிவிட்டுப் பாடு என்று எடுத்துக்கொடுக்கிற வேலை எனக்கு. வாத்தியார்களே, பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் பாடம் எடுத்திருக்கிறீர்களா? எனக்குப் பழகிவிட்டது.

ஒரு நாள், "வர்ணம் எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "பாட்டவிட நன்றிதான் சார் எனக்குச் சுத்தமா வருது."

ஒரே தேதி

பரீட்சை சிதம்பரத்தில் என்று தேதி வந்தது. அதே நாள் கடலூருக்கு ஒரு மந்திரி வருகிறார் என்றும் செய்தி வந்தது. சபாவுக்குச் சொந்தக் கட்டடம் வேண்டும், அதற்கு மந்திரியிடம் இடம் கேட்க வேண்டும். அஞ்சலை மேடையில் உட்கார்ந்து பாட வேண்டும் என்று தலைவர் முடிவு செய்துவிட்டார்.

மண்டிக்குள் போய்ச் சொன்னேன். தை மாதம், மாமன், அப்பன் கொடுத்த வாக்கு எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அவ்வளவு பேச வராது. அன்றைக்குப் பேசினேன். தலைவர் ஒரு மல்லாக்கொட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார். கெட்டவர் இல்லை அவர். அதுதான் கஷ்டம். அந்தப் பெண்ணுக்குத் தான் நல்லது செய்வதாகவே நினைத்தார். "பரீட்சை அடுத்த வருஷமும் வரும் வாத்தியாரே" என்றார். "மந்திரி வருவாரா?"

மேடையில்

மாலை வகுப்பில் பாட்டு எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அமீது பாய் என்னவென்று கேட்டார். சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டே, "நானும் இங்க சும்மா படிக்கிறவன்தானே? நான் உக்காந்துக்குறேன். அந்தப் புள்ளய ரயிலேத்துங்க" என்றார். அப்படியே செய்தேன். காலை பாசஞ்சரில் தாயும் மகளும் சிதம்பரம் போனார்கள். தலைவருக்கு நான் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

பந்தலில் நல்ல கூட்டம். மேடையின் நடுவில் பாய், புதுச் சட்டை, அத்தர் வாசனை. பக்கத்தில் நான் சுருதிப் பெட்டியோடு. தலைவர் மந்திரியை அழைத்துக்கொண்டு நேரே மைக்குக்குப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சை நெட்டுருப் போட்டிருந்தார். நிறுத்தினால் மறந்துபோகும். "இதோ உங்கள் முன் அமர்ந்திருக்கும் இந்த ஏழைச் சிறுமி" என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் கசமுசா என்று சத்தம். "கடலன்னை மடியில் பிறந்த இந்தப் பச்சிளம் குருத்து" என்றார். முன் வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போனார். பாய் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து சிறுமி மாதிரியே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பெட்டிக்குள்ளேயே புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

பாய் மோகனத்தில் ஒரு கீர்த்தனை எடுத்ததும்தான் தலைவர் திரும்பிப் பார்த்தார், மந்திரி முன்னால் நிறுத்த வழியில்லை. பாய் பாடினார். ஓரிடத்தில் தாளம் தப்பியது, சமாளித்துக்கொண்டார். மந்திரி மாலை போட்டார், போட்டோ எடுத்தார்கள், இடம் தருவதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் தலைவர் என்னிடம் வந்தார். அந்த முகத்தை விவரிக்க மாட்டேன். அஞ்சலைக்குக் காய்ச்சல் என்றேன். உபகாரச் சம்பளம் அன்றோடு நின்றது, அவளுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். பாய் மாலையைக் கழற்றி என் பெட்டி மேல் வைத்தார். "போட்டவரு என் மூஞ்சப் பாக்கவேயில்ல வாத்தியாரே" என்றார். "அந்தப் புள்ள உக்காந்திருந்தாலும் பாத்திருக்க மாட்டாரு."

சிதம்பரம் ஸ்டேஷன்

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. தை பிறந்தது. குப்பத்துப் பக்கம் போய் விசாரிக்க எனக்குக் கால் வரவில்லை. மாசியில் ஒரு வீணைக்கு மெழுகு கட்டி மெட்டுகளைச் சரிசெய்துகொண்டு வரச் சிதம்பரம் போனேன். திரும்பும்போது ஸ்டேஷனில், "சார்" என்று ஒரு குரல். அஞ்சலை. கழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். தாலி இல்லை. பக்கத்தில் டிரங்குப் பெட்டி மேல் குப்பம்மா.

தேறிவிட்டாள். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை, மறுநாள் சேர வேண்டும். பரீட்சையில் என்ன நடந்தது என்று கேட்டேன். பாடு என்று சொன்னதும் எழுந்து நின்று, கையைக் கூப்பி, தலைவர் ஐயா பெருங்கருணை என்று முழுப் பாராவையும் ஒப்பித்திருக்கிறாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லாமல் அவள் ஒரு பாட்டுக்கூடப் பாடியதில்லையே. பாட்டுக்கு முன்னால் எல்லாரும் அதைச் சொல்ல வேண்டும் என்றே நினைத்திருக்கிறாள். பரீட்சைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். ஓர் அம்மாள், "நாங்க யாரும் உனக்குச் சும்மா எதுவும் தரலை, உக்காந்து பாடும்மா" என்றாளாம். உட்கார்ந்து பாடியிருக்கிறாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எடுத்துக்கொடுத்தவன் நான்தானே.

பேச்சை மாற்ற, "தலைவர்கிட்டச் சொல்றேன். ஒரு பொண்ணு தேறிடுச்சின்னு தெரிஞ்சா உபகாரச் சம்பளத்தத் திரும்ப ஆரம்பிச்சாலும் ஆரம்பிப்பார்" என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ரயில் வருகிற பக்கம் பார்த்தாள். பிறகு கெஞ்சாமல், கோபப்படாமல் சொன்னாள்: "வேணாம் சார். ஸ்கூலுக்கே வந்து மால போட்டு, பசங்க முன்னாடி நிக்க வெச்சு நன்றி சொல்லச் சொல்லுவாரு. நான் இப்ப டீச்சரு சார்."

தலைவர் கண்ணை மூடும்வரை, "அத்தனை செலவு பண்ணோம், ஒண்ணுகூடத் தேறலையே வாத்தியாரே" என்று அவர் வருத்தப்பட்டபோதெல்லாம் வாயைத் திறக்காமல் தலையாட்டியதுதான், அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகப் பார்த்த ஒரே வேலை.