மாமாவின் தொண்ணூற்றெட்டு உயிர்

என் மாமா சொல்லும் மாயக்கதைகளில் வீரனுக்கு எப்போதும் நூறு உயிர். டிவியில் அவர் ஆடிய வீடியோ கேமிலிருந்து எடுத்துக்கொண்ட கணக்கு அது. வாள்வெட்டுக்குப் பத்து உயிர் போகும். பூதம் ஊதினால் முப்பது. கோயில் இட்லி ஒன்று தின்றால் இருபது திரும்பி வரும்.

கேமில் அந்த எண் வீரனின் தலைக்கு மேலே தெரியும். கதையில் எங்கே தெரியும்? ஏழு வயதில் எனக்கு இது பெரிய கவலை. (இந்தச் சந்தேகப் புத்தி என் மகளுக்கும் வந்துவிடுமோ என்பது இப்போதைய கவலை.)

“ஒரே ஒரு உயிர் இருக்கறப்போ அவனுக்கு வலிக்காதா மாமா?”

“வலிக்காதும்மா. நூறு இருக்கற மாதிரியே குதிச்சிக்கினு சண்டை போடுவான்.”

“எனக்குக் காய்ச்சல் வந்தா எழுந்திருக்கவே முடியலயே?”

மாமா யோசித்தார். “சரி, நொண்டிக்கினு சண்டை போடுவான். போதுமா?”

போதவில்லை. நானே ஒரு சட்டம் போட்டேன். உயிர் இருபதுக்குக் கீழே இறங்கினால், தூக்கி வரும் சுமையை வீரன் இறக்கிவிட வேண்டும். மாமா என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

அந்த வைகாசியில் கருட சேவைக்கு விடியற்காலையிலேயே போனோம். என் உயரத்துக்கு வீதி முழுக்க முதுகுகள்தான். மாமா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நெரிசலில் அவருடைய ஒரு செருப்பு போயிற்று.

“இப்ப எத்தனை மாமா?”

“தொண்ணூத்தெட்டு.”

சற்று தூரம் நடந்ததும் “ஆ!” என்று நின்றார்.

“இப்ப?”

“தொண்ணூத்தெட்டுதான். நீ சாமி குடையப் பாரும்மா.”

“ஏமாத்துற! செருப்பு போச்சு, இப்ப ‘ஆ’ன்னு வேற கத்துன, இன்னும் கொறையவே இல்ல!”

பக்கத்தில் நின்ற அம்மாள் சிரித்தாள். “இன்னாமா, மாமாவுக்குப் பரீட்சை வெக்கிறியா?”

அதற்குள் குடைகள் ஆடின. கருடன்மேல் பெருமாள் என் முகத்துக்கு நேராக வந்தார். மாமாவின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவர் பாதத்திலிருந்து உடைந்த வளையல் துண்டு ஒன்றைப் பிடுங்கினாள். அவர் போட்ட கூச்சலில் எல்லோரும் சிரித்தோம்.

“இப்ப நெஜம் சொல்லு, எத்தனை?”

“மூணும்மா. சீக்கிரம் இட்லி குடு!”

சத்தியத்தை மீறிய மாமாவைக் கையும் களவுமாகப் பிடித்த பூரிப்பில் நானே இட்லியைப் பிட்டு அவர் வாயில் திணித்தேன். வீதியிலேயே அவர் மூன்று என்று சொல்லியிருந்தால், சட்டப்படி நான் கீழே இறங்கி முதுகுகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.